மாலை வாடட்டும் என்று திறந்து வைத்த சக்கரம்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு போன். சாப்பிட்டுவிட்டு நான் கண்ணை மூடும் நேரம். அந்த நேரத்தில் கூப்பிட்டால் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று என்னைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். அப்படியும் ஒருவன் கூப்பிடுகிறான் என்றால்... விஷயம் இருக்கிறது.

கூப்பிட்டவன் சங்கரலிங்கம். சேரன்மகாதேவி தாண்டி, ஆற்றுப் பாசன வயல்களுக்கு நடுவே ரைஸ்மில் வைத்திருக்கிறான். அவன் அப்பாவும் நானும் ஒரு காலத்தில் கூட்டாக நெல் வியாபாரம் செய்தவர்கள். அந்த முறையில் என்னைச் சித்தப்பா என்பான். எம்.பி.ஏ. படித்தவன். பேச்சில் பாதி இங்கிலீஷ் இருக்கும். காரியம் ஆக வேண்டும் என்றால் மட்டும் சுத்தமான திருநெல்வேலித் தமிழ் வரும்.

"சித்தப்பா, ஒரு சின்னக் காரியம். நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிரும்" என்றான்.

ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால் எனக்கு உள்ளே குளிரும். அதை மறைப்பானேன்? ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்று, பதினாறு வயதில் முதுகில் நெல் மூட்டை ஏற்றியவன் நான். இன்றைக்கு இரண்டு மில் என் பெயரில் ஓடுகிறது. வாரா வாரம் இந்தப் பத்திரிகையில், நான் சொல்லச் சொல்ல ஆள் எழுதிய பத்தி என் போட்டோவோடு வருகிறது. நாலு பேர் என் வார்த்தையைக் கேட்கிறார்கள் என்றால் அது நான் சம்பாதித்தது. யாரும் இனாமாகக் கொடுத்ததல்ல. என் தற்பெருமை உங்களுக்குப் பழகிப்போன ஒன்றுதான். இந்த வாரம் கொஞ்சம் குறைச்சலாக இருக்கும். ஏன் என்று படித்தால் புரியும்.

அவன் சொன்ன சின்னக் காரியம் இதுதான்.

அவன் மில்லில் கூட்டிப் பெருக்கும் வேலை செய்கிற பேச்சியம்மாளுக்கு மெஷினில் கை மாட்டிவிட்டது. வலது கை. இரண்டு விரல் போய்விட்டது. மணிக்கட்டு நசுங்கி, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அவளிடம் ஒரு காகிதத்தில் கைரேகை வாங்க வேண்டும். வைக்க மாட்டேன் என்கிறாள். அண்ணாச்சி வந்து சொன்னால் வைக்கிறேன் என்கிறாள். அண்ணாச்சி என்று அவள் சொல்வது என்னைத்தான். என் மில்லில் ஆறு வருடம் வேலை பார்த்தவள்.

இரண்டு விரல் போனது சின்னக் காரியம். கேட்டுக்கொண்டீர்களா?

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது. வாசலில் இருந்த செக்யூரிட்டி என் முகத்தைப் பார்த்ததும் கம்பிக் கதவைத் திறந்துவிட்டார். பத்தியைத் தவறாமல் படிக்கிறாராம். அந்த நிலைமையிலும் அது எனக்கு நன்றாகத்தான் இருந்தது. வார்டுக்குள் போய்க் கட்டிலைப் பார்த்ததும் அது போய்விட்டது.

வலது கையில் முழங்கை வரை கட்டு. ஒரு கம்பியில் கயிறு கட்டிக் கையைத் தூக்கி வைத்திருந்தார்கள். முப்பத்தெட்டு, நாற்பது வயதுக்காரி. ஒரு வாரத்தில் பத்து வயது கூடியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள். கிட என்று அதட்டினேன். அதட்டத்தான் எனக்குத் தெரியும்.

தலையணைக்கு அடியிலிருந்து இடது கையால் அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினாள். டைப் அடித்த காகிதம். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் ஒரு எழுத்து விடாமல் படிப்பேன். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேச்சியம்மாள் ஆகிய தானே பாதுகாப்புக் கூண்டைக் கழற்றிவிட்டு உள்ளே கையை விட்டுக் கூட்டியதாகவும், நடந்தது முழுக்கத் தன்னுடைய கவனக்குறைவு என்றும், நிர்வாகத்தின் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்றும் எழுதியிருந்தது. கீழே இடது பெருவிரல் ரேகைக்கு ஒரு கட்டம்.

பேச்சியம்மாள் எட்டாவது வரை படித்தவள். என்னைவிட மூன்று வகுப்பு அதிகம். என் மில்லில் சம்பளம் வாங்கும்போது முத்து முத்தாகக் கையெழுத்துப் போடுவாள். அந்தக் கைக்குத்தான் இப்போது ரேகைக் கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

"நீ வாசிச்சியாம்மா?" என்றேன்.

"வாசிச்சிட்டேன் அண்ணாச்சி. நான் கழத்துனேன்னு போட்டிருக்கு. அந்தக் கூண்ட நான் கண்ணால பாத்ததே கெடையாது."

"பொறவு எதுக்கு என்னைக் கூப்பிட்ட? வைக்க மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதான?"

அவள் பைய சொன்னாள்.

"எங்க வீட்ல அவியளும் அங்கனதான் மூட்டை தூக்குதாவ. ரேகை வைக்கலேன்னா ரெண்டு பேருக்குமே வேலை இல்லேன்னு மொதலாளி சொல்லிட்டாவ. வச்சா இந்தக் கை ஆறுன பொறவு சாக்கு தைக்கிற எடத்துல உக்கார வைக்கேன்னு சொல்லுதாவ. நான் என்ன செய்ய? அதான் ஒங்களக் கூப்பிடச் சொன்னேன். இதுல எழுதிருக்கது சரிதான், வையின்னு ஒங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. வச்சிருதேன்."

என் ஒரு வார்த்தைக்கு இத்தனை விலை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. சங்கரலிங்கத்தை நாலு வசவு வைதேன். அவன் படித்த படிப்பை வைதேன். இரும்புச் சக்கரத்தை மூடி வைக்கத் தெரியாதவனுக்கு எதற்கு மில் என்றேன். நாற்பத்தெட்டு வருடமாக மில்லில் கிடக்கிறேன், என் மில்லில் இப்படி நடந்திருக்குமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஒங்க மில்லுலயும் ஆயுத பூசைக்குக் கழத்துனா கார்த்திகை வரைக்கும் தெறந்துதான் கெடக்கும் அண்ணாச்சி. நான் அங்கன இருக்கும்போ சட்டைக் கைய மடிச்சு ரப்பர் பேண்டு போட்டுக்கிடுவேன். இங்க அன்னிக்கு ரப்பர் பேண்டு அந்து போச்சு."

குறை சொல்லும் தொனியே இல்லை. நடந்ததைச் சொன்னாள். அவ்வளவுதான்.

அவள் சொன்னது எங்கள் தொழில் தெரியாதவர்களுக்குப் புரியாது. சொல்கிறேன்.

ரைஸ்மில்லில் எலிவேட்டர் என்று ஒன்று உண்டு. சின்னச் சின்ன வாளிகள் கோத்த பட்டை. நெல்லைக் கீழேயிருந்து அள்ளி மேலே கொண்டுபோகும். அதன் அடியில் மோட்டார், சக்கரம், சக்கரத்தைச் சுற்றி பெல்ட். அதற்கு மேல் கம்பிக் கூண்டு ஒன்றை நட்டு போட்டு முடுக்கியிருக்க வேண்டும். மெஷின் கம்பெனிக்காரன் கூண்டோடுதான் அனுப்புகிறான். சுற்றுகிற எதையும் மூடாமல் ஓட்டக் கூடாது என்று சட்டமும் இருக்கிறது.

அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில்தான் நெல் சிந்தும். அங்கேதான் பெண்கள் குனிந்து கூட்ட வேண்டும். உமித் தூசி உடம்பில் பட்டால் அரிக்கும். அதனால் சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். தூசிக்கு முதலாளி ஒன்றும் கொடுப்பதில்லை. புருஷனின் பழைய சட்டைதான் எங்கள் ஊர் மில்களில் பாதுகாப்பு உடை. ஆம்பளைச் சட்டை பொம்பளைக் கைக்குத் தொளதொள என்று விரலைத் தாண்டித் தொங்கும். மூடாத சக்கரம், தொங்குகிற சட்டைக் கை. இனி நான் என்ன விவரிக்க?

ஏன் மூடவில்லை? அங்கேதான் எங்கள் பக்தி வருகிறது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மெஷினை நிறுத்திக் கழுவுவோம். கூண்டை எல்லாம் கழற்றுவோம். சக்கரம் தெரிந்தால்தானே சந்தனம் வைக்க முடியும், குங்குமம் வைக்க முடியும்? மோட்டாருக்கு மாலை போடுவோம். சூடம் காட்டுவோம். பூசணிக்காய் உடைப்போம். விஜயதசமி அன்றைக்கு நல்ல நேரம் பார்த்து சுவிட்ச் போடுவோம். கூண்டை மாட்டலாமா என்று யாராவது கேட்டால்... "மாலை வாடட்டும் வே. சாமி மொகத்தை இப்பமே மூடவா?" என்பார்கள். மாலை வாடும். வாடிய மாலையை எடுத்து ஆற்றில் போடுவார்கள். அதற்குள் நட்டு நாலில் இரண்டு காணாமல் போயிருக்கும். பெல்ட் வழுக்குகிறதா என்று பார்க்கத் திறந்து கிடப்பதே வசதி என்று ஆபரேட்டருக்குத் தோன்றும். அப்படியே கார்த்திகை, மார்கழி, தை.

திருநெல்வேலிச் சீமையில் எத்தனை மில்லில் இப்படி என்று எனக்குத் தெரியாது. நான் ஏறி இறங்கிய மில் எல்லாவற்றிலும் இப்படித்தான். என் மில் உட்பட. பேச்சியம்மாள் சொன்ன பிறகுதான் அதை நினைத்தேன். நாற்பத்தெட்டு வருடம் மில் நடத்திப் பத்து விரலோடு இருக்கிறேன் பார் என்று நான் கையை விரித்துக் காட்டிய கூட்டங்கள் எத்தனை... அது சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். நான் அங்கே குனிந்து கூட்டவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

காகிதத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். "நான் வார வரைக்கும் எதுலயும் வைக்காத" என்று சொல்லிவிட்டு நேரே அவன் மில்லுக்குப் போனேன்.

மில் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் எனக்கு முதல் அடி. ஒரு மனுஷியின் விரல் போன இடத்தைக் கழுவிவிட்டு, அதே சக்கரத்தை அப்படியே ஓட்டுகிறார்கள். கூண்டு இல்லை. சக்கரத்தின் நடுக் குடத்தில் போன வருடத்துச் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

ஆபரேட்டர் கோமதிநாயகம் எனக்குத் தெரிந்தவர்தான். நல்ல மனிதர். தனியே கூப்பிட்டுக் கேட்டேன். அன்றைக்கு நடந்ததை மட்டும் சொன்னார். அவள் அலறியது கேட்டு சுவிட்சை நிறுத்த ஓடியிருக்கிறார். சுவிட்ச் போர்டுக்கு முன்னால் மூட்டை அடுக்கி வைத்திருந்தார்களாம். மூட்டை மேல் ஏறி அந்தப் பக்கம் குதித்துத்தான் நிறுத்த முடிந்ததாம். முதலுதவிப் பெட்டி பூட்டியிருந்ததாம். சாவி முதலாளியிடம். முதலாளி டவுனில். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத்தான் கையைக் கட்டியிருக்கிறார்கள்.

"கூண்டு எங்க வே?" என்றேன்.

"மாலை வாடட்டும்னு விட்டோம் அண்ணாச்சி. வாடுன பொறவு நட்டத் தேடுனோம். கெடைக்கல. வாங்கித் தாங்கன்னு மொதலாளிட்ட ரெண்டு மட்டம் சொன்னேன்."

"அந்தப் பொம்பள கழத்துனாளா?"

"அவ வேலைக்கு வந்ததே பொங்கல் கழிச்சில்லா."

"நட்டு இல்ல, சரி. கூண்டு எங்க?"

அவர் மில்லின் பின்பக்கம் பார்த்தார். நானே நடந்து போனேன். பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி, தரையோடு தரையாக. அதன் வாயில் அந்தக் கம்பிக் கூண்டைக் கவிழ்த்து, மேலே இரண்டு கல்லும் தூக்கி வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். மார்கழியில் முதலாளியின் ஆட்டுக்குட்டி ஒன்று தொட்டிக்குள் விழுந்துவிட்டதாம். இனி விழக் கூடாது என்று மூடச் சொன்னாராம்.

நான் கோபக்காரன் என்று ஊரில் பெயர். ஆனால் அந்தத் தொட்டிப் பக்கத்தில் நின்றபோது எனக்கு வந்தது வேறு. ஆட்டுக்குட்டி ஒரு தடவை விழுந்ததும் மூடத் தோன்றியிருக்கிறது. அன்றைக்கே ஆள் விட்டு, கல் தூக்கி வைத்து மூடத் தோன்றியிருக்கிறது.

ஆபீஸ் அறைக்குள் போனேன். ஏசி ஓடுகிறது. சங்கரலிங்கம் எழுந்து நின்றான். ரேகை வாங்கியாச்சா சித்தப்பா என்று கேட்டான். காகிதத்தை அவன் மேஜையில் வைத்து, கட்டம் காலியாக இருப்பதைக் காட்டினேன். ஆட்டுக்குட்டிக் கதையைக் கேட்டேன். முகம் மாறியது. முதலில் ஆபரேட்டரைக் குறை சொன்னான். பிறகு கூட்டுகிற பெண்களைக் குறை சொன்னான். எவ்வளவு சொன்னாலும் கேட்க மாட்டார்களாம். ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க நான்தானே பார்க்கிறேன் என்றான். கேஸ் ஆனால் மில்லை மூட வேண்டி வரும், நாற்பது குடும்பம் தெருவுக்கு வரும், அந்தப் பாவம் உங்களைச் சேரும் என்றான். எல்லா முதலாளியும் சொல்வதுதான். நானும் சொல்லியிருக்கிறேன்.

தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு நானே போய்ச் சொல்லப் போகிறேன் என்றேன்.

அவன் கையை நீட்டிச் சுவரைக் காட்டினான்.

சுவரில் ஒரு பெரிய போட்டோ, கண்ணாடிச் சட்டம் போட்டு. போன ஆயுத பூஜை அன்று அவன் மில்லில் எடுத்தது. நடுவில் நான். தோளில் பொன்னாடை. கையில் சூடத் தட்டு. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேமராவைப் பார்க்கிறேன். பூஜைக்குத் தலைமை தாங்கக் கூப்பிட்டிருந்தான், போயிருந்தேன். எனக்கு இடது பக்கம், ஒரு முழ தூரத்தில், அந்தச் சக்கரம். சந்தனப் பொட்டு, குங்குமம், சாமந்தி மாலை. கூண்டு இல்லை.

"நீங்களும்தான அங்கன நின்னீய சித்தப்பா? அன்னிக்கு ஒங்களுக்குத் தெரியலையா? இன்ஸ்பெக்டர் கேட்டா என்ன சொல்லுவீய?" என்றான்.

மிரட்டத்தான் சொன்னான். ஆனால் கேள்வி சரியான கேள்வி. நெல் மெஷினை இருட்டில் தடவிப் பார்த்தே கோளாறு சொல்வேன் என்று பீற்றிக்கொள்கிறவன், பட்டப் பகலில் ஒரு முழ தூரத்தில் மூடாத சக்கரத்தைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று கூடச் சொல்ல முடியாது. பார்த்தேன். சூடம் காட்டினேன். போட்டோவுக்கு நின்றேன். பொன்னாடையை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, நல்ல மரியாதை செய்தான் என்று என் வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். எழுபத்திரண்டு வயதில் நாற்காலியில் ஏறக் கூடாது. அதுவும் பாதுகாப்பில் சேர்த்திதான். போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். சங்கரலிங்கம் வாசல் வரை பின்னாலேயே வந்தான். எங்க அப்பா இருந்தா இப்படிச் செய்வீயளா என்று கேட்டான். அவன் அப்பா இருந்திருந்தால் அந்தப் போட்டோவில் அவரும் நின்றிருப்பார்.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் ஆபீஸ். தொழிற்சாலைப் பாதுகாப்பைப் பார்க்கிற அதிகாரி ஒரு பெண். என் கடைசி மகள் வயதுதான் இருக்கும். விபத்து நடந்தால் மில்காரன்தான் உடனே தகவல் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை. ரேகை வாங்கிக்கொண்டு பிறகு கொடுக்கலாம் என்று இருந்திருக்கிறான். மேஜை மேல் போட்டோவை வைத்தேன். இந்தப் படம் எடுத்த அன்றே கூண்டு இல்லை. அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்தது அதற்கு மூன்று மாதம் கழித்து. மில் பதிவேட்டைப் பாருங்கள் என்றேன். அந்த அம்மா படத்தை வெகு நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை மில்லுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். கூண்டை மாட்டி, சுவிட்ச் போர்டுக்கு முன்னால் மூட்டையை எடுக்கும் வரை மெஷின் ஓடக் கூடாது என்று உத்தரவு. ஓடுகிற மெஷினுக்குப் பக்கத்தில் ஒருத்தியைக் கூட்டச் சொன்னதே தப்பு என்று அந்த அம்மா எழுதியிருக்கிறார். பாருங்கள், நாற்பத்தெட்டு வருடத்தில் எனக்கு அது தோன்றியதில்லை. மெஷினை நிறுத்திவிட்டுக் கூட்டச் சொல்ல எத்தனை நிமிஷம் ஆகும்? கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தை மிச்சம் பிடித்துத்தான் நாங்கள் எல்லாம் பெரிய மனுஷர் ஆனோமோ என்னவோ.

அன்று சாயங்காலம் என் சொந்த மில் இரண்டுக்கும் போனேன். ஒன்றில் எல்லாம் சரி. இன்னொன்றில் மூன்று சக்கரம் திறந்து கிடந்தது. மில்லைப் பார்த்துக்கொள்கிற என் மகன், நாளைக்கு மாட்டிரலாம்ப்பா என்றான். இப்பமே மாட்டு என்றேன். லோடு வந்து நிற்குது என்றான். நானே போய் மெயின் சுவிட்சை நிறுத்தினேன். கூண்டைத் தேடி எடுத்து, கடைக்கு ஆள் அனுப்பி நட்டு வாங்கி, மூன்றையும் மாட்டும் வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. வேலையாட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணாச்சிக்கு என்ன ஆச்சு என்ற பார்வை. இத்தனை நாள் என்ன ஆகியிருந்தது என்று அவர்கள் கேட்டிருக்க வேண்டும்.

அந்தக் காகிதத்தில் இருந்த கவனக்குறைவு என்ற வார்த்தை இன்னும் என் தொண்டையில் நிற்கிறது. விபத்து என்றால் எங்கள் முதலாளிமார் முதலில் தேடுவது அந்த வார்த்தையைத்தான். கூட்டியவளுக்குக் கவனக்குறைவு. சரி. நட்டு வாங்காதவனுக்கு? சாவியைப் பையில் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போனவனுக்கு? சுவிட்சை மறைத்து மூட்டை அடுக்கச் சொன்னவனுக்கு? சூடத் தட்டோடு நின்றவனுக்கு? எட்டு மணி நேரம் குனிந்து வேலை பார்க்கிறவள் ஒரு நொடி அசந்தால் கை போகும் என்கிற இடத்தைக் கட்டி வைத்துவிட்டு, அந்த ஒரு நொடியை அவள் கணக்கில் எழுதுகிறோம். வெட்கமாக இல்லையா நமக்கு?

இந்த வருடம் பூஜை போடப் போகிற மில்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கூண்டைக் கழற்றாதீர்கள். சந்தனத்தைக் கூண்டின் மேலேயே வையுங்கள். உள்ளே சக்கரம் இருப்பது சாமிக்குத் தெரியும்.

பேச்சியம்மாளின் வீட்டுக்காரரை வெள்ளிக்கிழமையே வேலையிலிருந்து நிறுத்திவிட்டான் சங்கரலிங்கம். என் மில்லுக்கு வரச் சொன்னேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, மூட்டை தூக்க ஆள் கிடைக்காமல் நானே தவித்துக்கொண்டிருக்கிறேன். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. அங்கன கூண்டு எல்லாம் மாட்டியாச்சா அண்ணாச்சி என்று கேட்டார். மாட்டியாச்சு என்றேன். வந்து பாத்துட்டுச் சொல்லுதேன் என்றார். வந்து பார்க்கட்டும்.

நேற்று அந்த அதிகாரி அம்மா ஆஸ்பத்திரிக்கே வந்து பேச்சியம்மாளிடம் வாக்குமூலம் எழுதினார். நான் பார்த்ததையும் அதே காகிதத்தில் சேர்த்து எழுத, நானும் போயிருந்தேன். எழுதுவதற்கு முன்னால் என்னிடம் தனியே சொன்னார்: நீங்கள் விருந்தாளியாகப் போனவர்தானே ஐயா, உங்கள் பெயர் எதற்கு, போட்டோவில் இருப்பவர்கள் என்று பொதுவாக எழுதிக்கொள்கிறேன் என்று. நல்ல மனதோடுதான் சொன்னார். வேண்டாம் என்றேன். மில் தொழிலில் நாற்பத்தெட்டு வருட அனுபவம் உள்ள இன்னார், மூடாத சக்கரத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை என்று என் பெயரும் அப்பா பெயரும் போட்டு எழுதுங்கள் என்றேன். எழுதினார்.

காகிதத்தைப் பேச்சியம்மாளிடம் கொடுத்தார். அவள் இடது கையால் பிடித்து முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். அவசரப்படவில்லை. திரும்ப ஒரு தரம் படித்தாள். ஒரு வரியில் நிறுத்தி, என்னைப் பார்த்தாள்.

"இத நீங்களே சொல்லி எழுதுனதா அண்ணாச்சி?"

ஆமாம் என்றேன்.

"அப்பம் மையக் கொண்டாங்க" என்றாள்.